ஏபிசி சிலிண்டர் எல்லாத் தீக்கும் மருந்தல்ல

"சிவப்பு சிலிண்டர் ஒன்று மாட்டியாகிவிட்டது. ஏபிசி என்று போட்டிருக்கிறது. இனி எந்தத் தீ வந்தாலும் பார்த்துக்கொள்ளலாம்." சாப்பாட்டுக் கடைக்காரர், பட்டறைக்காரர், தோட்டத்துக் கிராணி என யாரைக் கேட்டாலும் பெரும்பாலும் இந்தப் பதில்தான் வரும். விற்பவரும் அப்படிச் சொல்லித்தான் விற்கிறார். நம்மூர் காஹாங், மலேசியாவில் குளுவாங்கிலிருந்து மெர்சிங் போகும் சாலையில் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஊர். போம்பா எனப்படும் தீயணைப்புத் துறையின் வண்டி வந்து சேரும்வரை கையில் இருப்பதுதான் துணை. எனவே இந்த நம்பிக்கை எந்த அளவுக்குத் தாங்கும் என்று பார்த்துவிடுவது நல்லது.

வாதம் 1: ஏபிசி என்றால் எல்லாத் தீயும் அடக்கம்.

அடக்கமில்லை. மலேசியாவில் பரவலாக வழங்கும் வகைப்பாட்டில் ஏ என்பது மரம், துணி, காகிதம். பி என்பது பெட்ரோல், டீசல், பெயிண்ட். சி என்பது எரிவாயு. மக்னீசியம் போன்ற உலோகத் தீ டி வகை. கொதிக்கும் சமையல் எண்ணெய்க்கு ஐரோப்பிய முறையில் எஃப் என்றும் அமெரிக்க முறையில் கே என்றும் தனி எழுத்து உண்டு. குழப்பம் இன்னொன்றும் இருக்கிறது: அமெரிக்க முறையில் சி என்றால் எரிவாயு அல்ல, மின்சாரத் தீ. இணையத்தில் வாங்கும் சிலிண்டரின் மீது இருப்பது எந்த நாட்டு எழுத்து என்று பாராமல் நம்பக் கூடாது.

வாதம் 2: எண்ணெயும் திரவம்தானே, பி வகைப் பவுடர் போதும்.

காஹாங்கின் சாப்பாட்டுக் கடைகளுக்கு மிக முக்கியமான மறுப்பு இதுதான். வடை பொரிவது சுமார் 180 டிகிரி செல்சியஸில். அடுப்பைக் கவனிக்காமல் விட்டால் எண்ணெய் 350 டிகிரியைத் தாண்டித் தானாகவே பற்றிக்கொள்ளும். பவுடர் அடித்தால் சுடர் அடங்கும்; எண்ணெயின் சூடு அடங்காது. பவுடர் படலம் கலைந்ததும் காற்று பட்டு மறுபடி பற்றும். அதற்குள் சிலிண்டர் காலியாகியிருக்கும். ஒரு சிறிய சிலிண்டர் ஏறக்குறைய பத்து விநாடிதான் பீய்ச்சும்.

இதை உலகம் பட்டுத்தான் கற்றது. விலங்குக் கொழுப்பில் பொரித்த காலத்தில் சோடியம் பைகார்பனேட் பவுடர் அந்தக் கொழுப்போடு வினைபுரிந்து சோப்பு நுரையாக மாறி, மேலே மூடித் தீயை அடக்கியது. உணவகங்கள் தாவர எண்ணெய்க்கு மாறின. வெப்பத்தை நன்றாகப் பிடித்துவைக்கும் புதிய பொரிப்புக் கலன்களும் வந்தன. பழைய பவுடர் முறை தோற்றது. அமெரிக்காவில் 1994-இல் உணவகச் சமையலறைத் தீயணைப்பு அமைப்புகளுக்கு யுஎல் 300 என்னும் கடுமையான சோதனை அமலுக்கு வந்தது. அதில் தேறியது 'வெட் கெமிக்கல்' என்னும் பொட்டாசிய உப்புக் கரைசல். அது எண்ணெய் மேல் சோப்புப் படலம் கட்டுவதோடு எண்ணெயைக் குளிரவும் வைக்கிறது. கடைகளில் பரவலாக விற்கும் ஏபிசி சிலிண்டரில் இருப்பது மோனோ அம்மோனியம் பாஸ்பேட். அமிலத் தன்மையுள்ள அந்தப் பவுடர் சோப்பாக மாறுவதில்லை. பாமாயிலில் பொரிக்கும் கடைக்கு எஃப் அல்லது கே வகை சிலிண்டரே சரி.

வீட்டுக் கடாய் என்றால் அதுகூட வேண்டாம். கேஸை நிறுத்துங்கள். பெரிய மூடியை உங்கள் முகத்துக்கும் நெருப்புக்கும் நடுவே கேடயம்போல் பிடித்து, உங்கள் பக்கத்திலிருந்து அந்தப் பக்கமாகச் சறுக்கி மூடுங்கள். கடாயைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடாதீர்கள். ஆறும்வரை மூடியைத் திறந்து பார்க்கவும் கூடாது. தண்ணீரை மட்டும் ஊற்றிவிடாதீர்கள்: எண்ணெய்க்கு அடியில் போகும் நீர் நொடியில் ஏறத்தாழ 1,700 மடங்கு பருமன் கொண்ட நீராவியாகி, எரியும் எண்ணெயைக் கூரைவரை வீசும்.

வாதம் 3: கேஸ் தீயை உடனே பவுடர் அடித்து அணைத்துவிட வேண்டும்.

சி வகைத் தீயைப் பவுடர் அணைக்கும் என்பது உண்மை. ஆனால் வால்வு திறந்தபடி இருக்கச் சுடரை மட்டும் அணைத்தால் கேஸ் வெளியேறிக்கொண்டே இருக்கும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. தரையோடு பரவி அடுத்த பொறிக்குக் காத்திருக்கும். முதலில் வால்வு. கை எட்டாவிட்டால் எல்லாரையும் வெளியேற்றுங்கள்.

வாதம் 4: மின்சாரத் தீக்கும் பவுடர்தான்.

பவுடர் மின்சாரத்தைக் கடத்தாது. அந்த வகையில் ஆபத்தில்லை. ஆனால் அந்தத் தூள் ஈரத்தை இழுத்து, நம்மூர் ஈரக் காற்றில் சர்க்யூட்டை அரித்துவிடும். தோட்ட அலுவலகத்துக் கணினிக்கும் சுவிட்ச் போர்டுக்கும் கரியமில வாயு சிலிண்டர் மேல், கறை வைக்காது. அதற்கும் எல்லை உண்டு: திறந்தவெளியில் காற்று கலைத்துவிடும், சிறிய மூடிய அறையில் மூச்சு முட்டும். எதை எடுப்பதற்கு முன்னும் மெயின் சுவிட்சை அணையுங்கள். லித்தியம் பேட்டரி எரிந்தால் பவுடர் சுடரைத்தான் மறைக்கும், உள்ளே சூடு தொடரும். அதைக் குளிர்விக்க ஏராளமான தண்ணீர் வேண்டும். அது போம்பாவின் வேலை.

வாதம் 5: வெளியே எரியும் குப்பை, நார், மரத்துக்கும் இதுவே போதும்.

செம்பனை நார்க் குவியலும் மெத்தையும் உள்ளுக்குள் கனன்றுகொண்டிருக்கும். பவுடர் மேற்பரப்பில்தான் வேலை செய்யும். இங்கே வெற்றி தண்ணீருக்கு. குவியலைக் கிளறிக் கிளறி நனைக்க வேண்டும். டீசல் டிரம் அடுக்கிய கொட்டகைக்கு நுரை சிலிண்டரும் வேண்டும்: பவுடர் சட்டென்று சுடரை வீழ்த்தும், நுரையோ திரவத்தின் மேல் போர்த்தி மறுபடி பற்றவிடாமல் காக்கும்.

அப்படியானால் ஏபிசி வீணா?

இல்லை. வீட்டுக்கோ காருக்கோ ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் ஏபிசியையே வாங்குங்கள். எண்டாவ் ரொம்பின் காட்டுப் பாதையில் டீசல் கேன் ஏற்றிப் போகும் நான்கு சக்கர வண்டிக்கும் அது நல்ல துணை. தவறு சிலிண்டரில் இல்லை; ஒன்று மாட்டியதும் யோசிப்பதை நிறுத்திவிடுவதில் இருக்கிறது.

வாங்கும்போது சிரிம் தரச்சான்று முத்திரையைப் பாருங்கள். அழுத்தமானியின் முள் பச்சையில் நிற்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். அடுப்புக்கு மேலே மாட்டாதீர்கள், வாசலருகே மாட்டுங்கள். எரிவது குப்பைக் கூடை அளவைத் தாண்டினாலோ, முதுகுப் பக்கம் வழியில்லாமல் போனாலோ, கையில் எந்த சிலிண்டர் இருந்தாலும் போட்டுவிட்டு வெளியேறி 999-ஐ அழையுங்கள். கடையைத் திரும்பக் கட்டிக்கொள்ளலாம்.