சர்க்கரை நோய்க்கு ஊன ஓய்வூதியம்: கண்டறிந்த இடத்தைக் காட்டி மறுக்கக் கூடாது

நல்ல உடல்நிலையில் இருப்பதாகச் சான்று பெற்று இராணுவத்தில் சேர்ந்த வீரர், இரண்டாம் வகைச் சர்க்கரை நோயோடு ஓய்வு பெறுகிறார். ஊனம் 20 சதவீதம் என்று மதிப்பிடும் மருத்துவக் குழுவே, 'பணியால் வந்ததும் அல்ல, பணியால் முற்றியதும் அல்ல' என்று எழுதி ஊன ஓய்வூதியத்துக்கு வழியில்லாமல் செய்துவிடுகிறது. நோய் தெரியவந்தபோது அவர் பீஸ் ஸ்டேஷனில், அதாவது களப் பகுதி அல்லாத அமைதிப் பணியிடத்தில், இருந்தார் என்பதே பல நேரம் காரணம். இதை ஏற்க முடியாது. இராணுவ மருத்துவ அதிகாரிகளுக்கான வழிகாட்டியே, களப் பகுதியிலும் உயர்மலைப் பகுதியிலும் தொடங்கும் இந்நோயைப் பணியால் முற்றியதாகக் கொள்ளச் சொல்கிறது. ஆனால், நடைமுறையில் கண்டறிந்த நாளையே நோய் தொடங்கிய நாளாக வைத்துக்கொள்கிறார்கள்.

இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் வெளியே தெரியாமல் பல ஆண்டுகள் வளரும். அதனால்தான் நோய் உறுதியானதுமே விழித்திரையைப் பார்க்கவும், சிறுநீரில் புரதம் போகிறதா என்று சோதிக்கவும் மருத்துவர்கள் சொல்கிறார்கள். அதற்குள்ளேயே சேதம் தொடங்கியிருக்கலாம். தூக்கம் கெட்டால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது. ஓயாத மன அழுத்தத்தில் சுரக்கும் கார்டிசால் சர்க்கரையை ஏற்றும். காஷ்மீரில் இரவுக் காவல் நின்றவருக்கு அடுத்த பணியிடத்தின் வருடாந்தரப் பரிசோதனையில் சர்க்கரை தெரிந்தால், நோய் அந்தப் புதிய இடத்தில்தான் பிறந்தது என்று எப்படிச் சொல்வது?

ஊரெல்லாம் இருக்கும் நோய்தானே என்பார்கள். நியாயமான கேள்விதான், 2023-இல் வெளிவந்த ஐசிஎம்ஆர் ஆய்வு நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று கணக்கிட்டது. ஆனால் பரம்பரை ஒருவருக்கு நோயின் வாய்ப்பைத்தான் தருகிறது. பணி அதை முற்றவைத்ததா என்பது தனிக் கேள்வி. உண்ணும் நேரமும் உறங்கும் நேரமும் தன் கையில் இல்லாதவரிடம் 'வாழ்க்கைமுறை நோய்' என்று சொல்லி முடித்துவிட முடியாது. காரணத்தை நிறுவும் சுமை வீரருடையது அல்ல என்று தரம்வீர் சிங் வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பிறகு ஊன ஓய்வூதிய விதிகள் மாறின. ஆனாலும், பீஸ் ஸ்டேஷனில் தெரியவந்தது என்பது மட்டுமே மறுக்கப் போதாது என்று 2025-இல் டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு சர்க்கரை நோய் வழக்கிலேயே தீர்ப்பளித்தது. சிலர் இந்தச் சலுகையைத் தவறாகப் பயன்படுத்தினால், அதற்காக எல்லோருக்கும் மறுக்காமல் அவரவர் ஆவணங்களை ஆராயட்டும்.

நாற்பது வயதை ஒட்டி ஓய்வு பெறும் ஜவான்களில் பலர் செக்யூரிட்டி வேலைக்குப் போகிறார்கள். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவருக்கு பூட்ஸுக்குள் கொப்புளம் உடைந்தது தெரியாது. புண் சீழ் பிடித்து, விரலை எடுக்கும் நிலை வரலாம். சர்க்கரை நோயையே பணியோடு சேர்க்காதபோது இந்தப் பாதிப்பும் கணக்கில் வராது. ஆகவே, மருத்துவக் குழு வீரரின் எல்லாப் பணியிடங்களையும் பழைய இரத்தப் பரிசோதனைகளையும் பார்த்து, மறுத்தால் காரணத்தை விரிவாக எழுத வேண்டும். கண், சிறுநீரகம், பாதம் பாதிக்கப்பட்டால் மறுமதிப்பீடு செய்ய வேண்டும். ஏற்கெனவே மறுக்கப்பட்டவர்களை ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்கு அலையவிடாமல் பாதுகாப்பு அமைச்சகமே அவர்களின் கோப்புகளைத் திறக்க வேண்டும்.