மருத்துவ மாணவரும் தீவக மக்களும்

ஆண்டுதோறும் க. பொ. த. உயர்தரப் பரீட்சையின் பெறுபேறுகள் வெளியானதும், எம் தீவகத்துக் கிராமங்களிலே மகிழ்ச்சி பொங்குதலைக் காண்கின்றோம். ஊர்காவற்றுறையிலாயினும், நயினாதீவிலாயினும், நெடுந்தீவிலாயினும் ஒரு பிள்ளை மருத்துவ பீடத்துக்குத் தெரிவாகியது என்னுஞ் செய்தி வந்துவிட்டால், அது ஒரு வீட்டின் செய்தியாக நில்லாது ஊரின் செய்தியாகிவிடும். கல்லூரி வாயிலிலே பாராட்டுப் பதாகை எழும். கோயிலிலே அருச்சனை நடைபெறும். கனடாவிலும் இலண்டனிலும் வாழும் பழைய மாணவர்களும் வாழ்த்துரைப்பர். இம்மகிழ்ச்சி தக்கதே. ஆயினும், விழா மலரிலே புகழுரை மாத்திரம் எழுதி அமைதல் போதாது. பதாகை இறக்கப்பட்ட பின்னர் அப்பிள்ளைக்கு நேர்வது யாது? அப்பிள்ளை வைத்தியராக வெளிவருங் காலத்து, பெற்று வளர்த்த தீவுக்கு அதனாற் பயன் உண்டா? இவ்விரு வினாக்களையும் ஒருங்கு வைத்து ஆராய்தல் இவ்வேளைக்கு ஏற்றதென எண்ணுகின்றோம்.

எமது கருத்தை முதற்கண்ணே கூறிவிடுகின்றோம். மருத்துவ பீடத்தினுட் புகுவதற்கு எம் பிள்ளைகளை நாம் பெருமுயற்சியோடு ஆயத்தஞ் செய்கின்றோம். புகுந்தபின் உள்ள வாழ்க்கைக்கு அவர்களை ஆயத்தஞ் செய்வதில்லை. புதிய வைத்தியர்கள் தீவுக்கு வரத் தயங்குகின்றனர் என்று குறை கூறுவோர் பலர். அத்தயக்கத்துக்கு அன்பின்மை காரணமன்று. தனித்து நின்று தொழில் புரியும் நிலைக்கு அவர்கள் பழக்கப்படவில்லை என்பதே பெருங்காரணம் என்பது எம் துணிபு.

மேனாட்டு மருத்துவக் கல்வி யாழ்ப்பாணத்துக்குப் புதியதன்று. 1847 ஆம் ஆண்டில் இங்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் அவர்கள், அடுத்த ஆண்டு தொடக்கம் மானிப்பாயிலே மாணவர்களைச் சேர்த்து மருத்துவங் கற்பித்தார். தொடக்கத்தில் ஆங்கிலத்திலே கற்பித்தவர், 1864 ஆம் ஆண்டு முதல் தமிழிலே கற்பிக்கத் தலைப்பட்டார். அங்காதிபாதம், இரணவைத்தியம், பிரசவ வைத்தியம், கெமிஸ்தம் முதலிய துறைகளில் நூல்களைத் தமிழாக்கினார். 1873 இல் அவர் நாடு திரும்புவதற்கு முன்னர் 60 பேருக்கு மேற்பட்டோர் அவரிடம் பயின்று வைத்தியராயினர். ஆங்கிலத்தில் கற்றோர் அரசாங்க உத்தியோகத்தை நாடிச் சென்றுவிட, தமிழிற் கற்போர் கிராமத்திலே தங்கி மக்களுக்குப் பணி செய்வர் என்பது அவர் கருத்துக்களுள் ஒன்று. அவருடைய சமயக் கொள்கை வேறு, எம்முடையது வேறு. எனினும் எந்த மக்களுக்காக வைத்தியரை ஆக்குகின்றோம் என்பதை மறவாத ஆசிரியர் அவர் என்பதை நன்றியோடு நினைத்தல் எம் கடன்.

பின்னர் 1870 இல் கொழும்பில் மருத்துவப் பாடசாலை நிறுவப்பட்டது. 1942 இல் அது இலங்கைப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடமாயிற்று; 1962 இல் பேராதனையிலும் ஒரு பீடம் எழுந்தது. தீவகத்துப் பிள்ளை மருத்துவம் பயில வேண்டுமாயின் நெடுந்தூரஞ் செல்ல வேண்டிய காலம் அது. 1971 ஆம் ஆண்டின் அனுமதியிலே, மருத்துவத்துக்குச் சிங்கள மொழிமூல மாணவர்க்கு 229 புள்ளிகளும் தமிழ் மொழிமூல மாணவர்க்கு 250 புள்ளிகளும் எல்லையாக வைக்கப்பட்டமையால் எம் மாணவர் பட்ட மனத்துயர் யாவரும் அறிந்ததே. 1978 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் கைதடியிலே தொடங்கப்பட்டபொழுது அத்துயர் ஓரளவு தணிந்தது. ஆனால் விரைவிலே போர் வந்தது. 1987 ஒக்டோபர் 21 இல் யாழ்ப்பாண வைத்தியசாலையினுள் வைத்தியரும் தாதியரும் நோயாளரும் கொல்லப்பட்டனர். 1989 செப்டெம்பர் 21 இல் அப்பீடத்தின் உடற்கூற்றியல் துறைத் தலைவர் கலாநிதி ரஜனி திராணகம சுட்டுக் கொல்லப்பட்டார். ஐந்தாண்டுப் படிப்பு பல தொகுதி மாணவர்க்கு அதனினும் நெடுங்காலம் நீண்டது. மின்சாரமின்றி விளக்கொளியிற் கற்று வைத்தியராகியோர் இன்றும் எம்மிடையே உளர். இன்றைய மாணவர் அமரும் ஆசனத்துக்கு இத்துணை விலை கொடுக்கப்பட்டுள்ளது.

நிற்க. இன்று பீடத்தினுட் புகும் மாணவரை முதலில் எதிர்கொள்வது மொழி. பதின்மூன்று ஆண்டுகள் தமிழிலே விஞ்ஞானங் கற்ற பிள்ளை, ஒருநாட் காலையில் ஆங்கில விரிவுரையின் முன் அமர்கின்றது. நகரத்துப் பிள்ளைக்கு வாய்க்கும் ஆங்கிலப் பயிற்சி தீவுப் பிள்ளைக்கு வாய்ப்பது அரிது. அனுமதியிலே நாற்பது வீதம் நாடளாவிய திறமைக்கும், ஐம்பத்தைந்து வீதம் மாவட்டங்களுக்கும், ஐந்து வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என வகுக்கப்பட்டுள்ளது. ஆயினும் மாவட்டப் பங்கிலே நெடுந்தீவுப் பிள்ளையும் யாழ் நகரப் பிள்ளையும் ஒரே நிரையில் நிறுத்தப்படுகின்றனர். இருவருக்கும் இடையே கடல் ஒன்று கிடப்பதை வெட்டுப்புள்ளி அறியாது. அறிவிற் குறைவில்லாத பிள்ளை ஆங்கிலத்திலே வினாக் கேட்க நாணி வாய்மூடியிருப்பதும், அதனைக் கண்டோர் அதனை அறிவின்மையெனக் கொள்வதும் மருத்துவக் கல்வியில் வழமையாக நிகழ்பவை. முதலாண்டிலே தளர்ந்த மனத்தை நிமிர்த்துதல் எளிதன்று.

அடுத்து எதிர்கொள்வது நோயாளர் விடுதி. பாடசாலையிலும் தனியார் வகுப்பிலும் எம் பிள்ளைகள் வினாவுக்கு விடை எழுதப் பழகியவர்கள். ஐந்து விடைகளுள் ஒன்று சரியாக இருக்கும் என்று நம்பியவர்கள். நோயாளி கட்டிலிலே அவ்வாறு விடைகள் எழுதிவைக்கப்பட்டிருப்பதில்லை. வயிற்றுநோ என்று வரும் முதியவள், தன் மகன் கடலுக்குப் போய் மூன்று நாளாயிற்று என்பதிலே தொடங்குவாள். அவள் சொல்வதைப் பொறுமையோடு கேட்டு, அதனுள் நோயைத் தேடி எடுத்தல் ஒரு கலை. ஆங்கிலத்திலே கற்றதைத் தமிழிலே, அதுவும் எம்மூர்ப் பேச்சிலே, அவளுக்கு விளங்கக் கூறுதல் மற்றொரு கலை. இவ்விரண்டும் பரீட்சையிற் பெறும் புள்ளிகளால் அளக்கப்படுவனவல்ல.

பட்டம் பெற்ற பின்னரும் உடனே தொழில் வந்துவிடுவதில்லை. உள்ளகப் பயிற்சிக்கு நியமனம் வரும்வரை மாதக்கணக்கிற் காத்திருக்க நேரிடுகின்றது. நியமனம் வந்தபின், பொது மருத்துவம், சத்திரசிகிச்சை, மகப்பேறு, குழந்தை மருத்துவம் முதலிய பிரிவுகளுள் இரண்டிலே, ஆறு ஆறு மாதங்களாக ஓராண்டு பணிபுரிதல் வேண்டும். அதன் பின்னரே முழுப் பதிவு கிடைக்கும். நேற்றுவரை நூலை வாசித்தவர் இன்று மருந்துக் கட்டளையிற் கையொப்பமிடுகின்றார். நள்ளிரவில் தாதியார் வந்து எழுப்பி, ‘டொக்டர், நோயாளிக்கு மூச்சுத் திணறுகின்றது’ என்று சொல்லும்பொழுது, ஐந்தாண்டுக் கல்வியும் ஒரு நொடியிலே சோதிக்கப்படுகின்றது.

அச்சோதனைக்கு உறக்கமின்மையும் துணை சேர்கின்றது. இளம் வைத்தியர் வைத்தியசாலையிலேயே குடியிருந்து இரவு பகலாகப் பயிலும் வழக்கத்தை அமெரிக்காவிலே நிலைநிறுத்தியவர், ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையின் சத்திரசிகிச்சை நிபுணர் வில்லியம் ஹோல்ஸ்ரெட் ஆவார். ஒரு நூற்றாண்டுக் காலம் உறங்காமையே வீரம் எனப் போற்றப்பட்டது. 1984 இல் நியூயோர்க் நகரிலே லிபி சையன் என்னும் இளநங்கை, அனுமதிக்கப்பட்டுச் சில மணி நேரத்திலே வைத்தியசாலையில் இறந்தாள். அவளைக் கவனித்தவர்கள் நெடுநேரம் பணியிலிருந்த பயிற்சி வைத்தியர்கள். அதன் பின் 1989 இல் அம்மாநிலமும், 2003 இல் அந்நாடு முழுவதும், பயிற்சி வைத்தியரின் பணியை வாரத்துக்கு 80 மணி நேரமாக வரையறுத்தன. ஐரோப்பிய ஒன்றியத்திலே வரையறை 48 மணி நேரம். இருபத்துநான்கு மணி நேரம் விழித்திருப்பவரின் செயற்றிறன், மதுவருந்தி மயங்கியவரின் நிலைக்குத் தாழ்கின்றது என்பது 1997 இல் வெளியான ஆய்வொன்றின் முடிபு. மது அருந்தியவரிடம் எவரேனும் தம் பிள்ளையை ஒப்படைப்பரோ? உறங்காத வைத்தியரிடம் மாத்திரம் நாம் தயங்காது ஒப்படைக்கின்றோம்.

கடின உழைப்பு வேண்டாம் என்பது எம் கருத்தன்று. உழைப்பின்றி இத்தொழில் கைவராது. ஆனால் ‘எனக்குத் தெரியவில்லை, ஒருமுறை வந்து பாருங்கள்’ என்று மூத்தவரை அழைப்பதற்கு இளையவர் அஞ்சும் நிலை இருத்தலாகாது. அவ்வழைப்பை ஏளனஞ் செய்யும் மூத்தவர், இளையவரை மாத்திரமன்றிக் கட்டிலிற் கிடப்பவரையும் தண்டிக்கின்றார்.

இனித் தீவகத்துக்கு வருவோம். திருவள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார்: நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, உடனிருந்து உதவுவோர். நெடுந்தீவிலே இந்நான்கும் போதா. ஐந்தாவதாக ஒன்று வேண்டும். அது படகு. ஊர்காவற்றுறை தரைவழியே யாழ்ப்பாணத்தோடு இணைந்தது. அங்கு ஆதார வைத்தியசாலை உண்டு. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்குமோ, பண்ணைப் பாலங் கடந்து, வேலணையும் புங்குடுதீவுங் கடந்து, குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து கடலேறுதல் வேண்டும். நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். சோளகக் காற்று வீசுங் காலத்தும், மாரியிலே கடல் கொந்தளிக்குங் காலத்தும் அம்மணிக் கணக்கு எவர் கையிலும் இல்லை.

அங்கு நியமனம் பெறும் புதிய வைத்தியரின் நிலையை எண்ணிப் பாருங்கள். பயிற்சிக் காலத்திலே பக்கத்தில் நிபுணர் இருந்தார். குருதிப் பரிசோதனையும் கதிர்ப்படமும் அருகிலே இருந்தன. இங்கோ, மாலை நான்கு மணிக்கு ஒரு கர்ப்பிணிப் பெண் வருகின்றாள். குருதிப்பெருக்கு ஏற்படலாம், ஏற்படாமலும் போகலாம். இப்பொழுதே படகிலேற்றி அனுப்புவதா? விடியும்வரை பார்த்திருப்பதா? அனுப்பினால் நடுக்கடலில் நேர்வது யாது? அனுப்பாவிடின் நள்ளிரவில் நேர்வது யாது? இவ்வினாவுக்கு நகரத்து வைத்தியசாலை விடுதியிலே பாடம் இல்லை. அங்கு இவ்வினா எழுவதே இல்லை. காற்றையும் கடலையும் நாழிகையையும் கணக்கிட்டு நோயைத் தீர்மானித்தல் தீவகத்து வைத்தியத்தின் தனிப்பாடம்.

கட்டாயச் சேவைச் சட்டமொன்றை இயற்றினால் எல்லாஞ் சரியாகிவிடும் என்பர் சிலர். வைத்தியருக்கும் மனைவி மக்கள் உண்டு, மேற்படிப்பு உண்டு, அவரைக் குறை கூறலாகாது என்பர் வேறு சிலர். இரு திறத்தாரும் உண்மையின் ஒவ்வொரு பாதியைக் கூறுகின்றனர். 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின் பின் எத்தனையோ வைத்தியர்கள் நாட்டை விட்டே சென்றனர். அஞ்சியிருப்பவரைக் கட்டாயத்தால் தீவுக்கு அனுப்பினால், அவர் அடுத்த படகிலே திரும்பும் வழியைத்தான் எண்ணுவார்.

பிற நாடுகள் வேறு வழி கண்டுள்ளன. தீவுகள் நிறைந்த யப்பானிலே 1972 இல் ஜிச்சி மருத்துவப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. ஒவ்வொரு மாகாணத்திலிருந்தும் சில மாணவர் தெரிவு செய்யப்படுகின்றனர். கல்விக் கட்டணத்தை மாகாணமே ஏற்கின்றது. கற்று முடிந்தோர் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் தத்தம் மாகாணத்திலே, மலைக் கிராமங்களிலும் தீவுகளிலும் உட்படப் பணி புரிகின்றனர். அவுஸ்திரேலியாவின் வடபகுதியிலே ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகம் 2000 ஆம் ஆண்டிலே மருத்துவக் கல்வியைத் தொடங்கி, மாணவர்களைப் படிக்குங் காலத்திலேயே தொலைதூர ஊர்களுக்கு அனுப்பிப் பழக்குகின்றது. கிராமத்துப் பிள்ளையைத் தெரிந்து, கிராமத்திலே பழக்கி, கைவிடாது துணை நின்றால் அப்பிள்ளை கிராமத்திலே தங்கும் என்பதே இவற்றின் படிப்பினை.

ஆகவே மூன்று காரியங்களை முன்வைக்கின்றோம். முதலாவது, மருத்துவ மாணவர் ஒவ்வொருவரும் இறுதியாண்டிலே சில கிழமைகளேனும் தீவக வைத்தியசாலையொன்றிலே மூத்த வைத்தியரின் மேற்பார்வையிலே தங்கிக் கற்றல் வேண்டும். குறிகட்டுவானிற் படகேறிய அனுபவம் நியமனக் கடிதத்தோடு முதன்முறையாக வருதல் கூடாது. இரண்டாவது, தீவிலிருக்கும் வைத்தியர் எந்நேரமும் யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலை நிபுணர் ஒருவரோடு தொலைபேசியிலே ஆலோசிக்கும் உறுதியான ஒழுங்கு வேண்டும். இரவிலும் புறப்படத்தக்க நோயாளர் படகும் வேண்டும். மூன்றாவது, தீவிலே பணிபுரிந்த காலம் மேற்படிப்புக்கும் இடமாற்றத்துக்கும் தகுதியாகக் கணிக்கப்படல் வேண்டும்.

இவை அரசாங்கமும் பல்கலைக்கழகமும் செய்யவேண்டியவை. பழைய மாணவர் செய்யக்கூடியவையும் உள. உயர்தரம் முடித்துப் பீடத்துக்குப் போகக் காத்திருக்கும் மாதங்களிலே எம் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பயிற்சி அளிக்கலாம். ஒவ்வொரு மருத்துவ மாணவருக்கும் வைத்தியராயுள்ள பழைய மாணவர் ஒருவர் தமையனாகவோ தமக்கையாகவோ நின்று, கிழமைக்கொருமுறை சுகம் விசாரிக்கலாம். மனந்தளர்ந்த மாணவருக்கு அவ்வொரு விசாரிப்பு எத்துணைப் பெரிது! தீவுக்கு வரும் வைத்தியருக்கு நல்ல குடியிருப்பும் நல்ல தண்ணீரும் உளவா என்பதை ஊரார் கவனிக்கலாம். மேலும், விழா மலர்களிலே பீடத்துக்குத் தெரிவானோரின் பெயரை அச்சிடுவது போலவே, தீவகத்திலே பணிபுரிந்தோரின் பெயரையும் அச்சிடுவோமாக. எதனைப் பாராட்டுகின்றோமோ அதனையே பிள்ளைகள் விரும்புவர்.

மாணவச் செல்வங்களே, உங்களை நாம் தீவுக்குள் அடைத்து வைக்க விரும்பவில்லை. உலகெங்குஞ் சென்று கற்று உயர்வீர்களாக. ஆனால் உங்கள் முதற் கையொப்பத்தை நம்பி மருந்து வாங்கப்போகின்றவர் யாரென்பதை நினைவிற் கொள்ளுங்கள். தெரியாததைத் தெரியாதென்று சொல்லுங்கள். களைத்தபொழுது துணையை அழையுங்கள். நோயாளி பேசும்பொழுது கடிகாரத்தை நோக்காதீர்கள். கல்லூரி அன்னை தன் பிள்ளைகளிடம் வேண்டுவது பதாகையிலே பெயரை அன்று. கடலுக்கு அப்பால் நோயுற்றுக் கிடக்கும் ஒரு தாயின் பக்கத்திலே, அஞ்சாது அமரத்தக்க ஒரு வைத்தியரையே.