கோப்போடு செல்லாத பூட்டு

மும்பை மசகான் தளத்தில் ஆறு ஸ்கார்பீன் நீர்மூழ்கிகளைக் கட்டும் பணி நடந்துகொண்டிருந்த 2016 ஆகஸ்ட்டில், அவை பற்றிய 22,400 பக்கங்கள் கசிந்திருப்பதை ஆஸ்திரேலிய நாளேடொன்று வெளிப்படுத்தியது. பக்கங்களில் ‘கட்டுப்படுத்தப்பட்டது’ என்ற முத்திரை இருக்கவே செய்தது. அது வெறும் சொல். கசிவு வெளிநாட்டில் நேர்ந்ததாகத் தோன்றுகிறது என்றது கடற்படை. கப்பலுக்குள் இருக்கும் மாலுமிக்கு அதில் என்ன ஆறுதல்? களவுபோன கடவுச்சொல்லை மாற்றலாம். கட்டிய கப்பல் எழுப்பும் ஒலியை எளிதில் மாற்றவியலாது. வடிவமைப்புக் கோப்புகளோ துணை ஒப்பந்ததாரர், உதிரிபாக உற்பத்தியாளர் எனக் கைமாறிக்கொண்டே இருப்பவை. ஆலை வாயிலில் மட்டும் காவல் வைத்துப் பயனில்லை. மறையாக்கமும் திறந்தவர் யார் என்ற பதிவும் கோப்போடு செல்ல வேண்டும். ஒப்பந்தம் முடியும் நாளிலேயே திறக்கும் உரிமையும் முடிய வேண்டும்.