நீர் முடியுமுன் தீ முடிய வேண்டும்!



இம்மாதம் ஒரு விளையாட்டுப் பொருளைப் பற்றி உங்களோடு பேச விழைகிறேன். 'மதரஸாவில் பாடம் சொல்லும் மனிதருக்கு விளையாட்டுப் பொருளோடு என்ன வேலை?' என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் வீட்டில் அந்தப் பொருளால் ஒரு பெருந்தீங்கு நேர்ந்திருக்க வேண்டியது. அல்லாஹ்வின் அருளால் ஒரு துப்பட்டாவின் நுனியோடு போயிற்று. தவறு பொருளினுடையதன்று, என்னுடையது. அதனால்தான் எழுதுகிறேன்.

என் தாய்மாமா மர்ஹூம் அவர்கள் பிரெஞ்சு இராணுவத்தில் பணியாற்றி, ஓய்வூதியத்துடன் புதுச்சேரிக்குத் திரும்பியவர். இத்தகையோரை எங்களூரில் 'சொல்தா' என்று அழைப்பது வழக்கம். 1879-இல் திறக்கப்பட்ட விழுப்புரம் - புதுச்சேரி இருப்புப்பாதையில் நீராவி என்ஜின்கள் ஓடிய காலத்தில் பிறந்தவர் அவர். சிறுவயதில் நிலையத்துக்கு ஓடிச்சென்று, என்ஜின் தண்ணீர் பிடிப்பதைப் பார்த்தவாறே பள்ளிக்கூடத்தை மறந்து நின்று, வீட்டில் அடி வாங்கிய கதைகளைச் சிரித்துக்கொண்டே சொல்வார். அந்தக் குறுகிய மீட்டர் பாதை 2004-இல் அகலப் பாதையாக மாறிவிட்டது. மாமாவின் உள்ளத்தில் மட்டும் பழைய என்ஜின் நின்றுவிடவில்லை. பிரான்சிலிருந்து திரும்பியபோது, ஒரு சாண் நீளமுள்ள பித்தளை நீராவி என்ஜின் ஒன்றை அவர் உடன் கொண்டு வந்தார்.

அது சாவி கொடுத்து ஓட்டும் பொம்மையன்று, மின்கலத்தில் ஓடுவதுமன்று. உண்மையான நீரை உண்மையான தீயில் கொதிக்க வைத்து, அந்த ஆவியின் வலுவால் ஓடுவது. முற்றும் பொருத்தி முடித்த நிலையிலேயே விற்கப்படுவது. பெட்டியிலிருந்து எடுத்து நீரும் எண்ணெயும் ஸ்பிரிட்டும் இட்டால் போதும். ஒருமுறை நிரப்பினால் ஏறத்தாழப் பத்து நிமிடம் வட்டத் தண்டவாளத்தில் 'குபுகுபு'வென்று சுற்றி வரும்.

இத்தகைய என்ஜின்களுக்கு நீண்ட வரலாறு உண்டு. ஜெர்மனியின் மார்க்ளின் நிறுவனம் 1891-இல் லைப்சிக் சந்தையில் பொம்மை இரயில்களுக்கென அளவு வகுத்த தண்டவாளங்களை முன்வைத்தது. தண்டவாளங்களுக்கிடையே 45 மில்லிமீட்டர், 32 மில்லிமீட்டர் என்னும் அகலங்கள் இன்றும் வழக்கிலுள்ளன. இங்கிலாந்தில் 1930-களில் தொடங்கப்பட்ட மாமோடு நிறுவனம், எளிய குடும்பத்துப் பிள்ளைகளும் நீராவிப் பொறியைக் கையாள வழி செய்தது. இவற்றுக்கெல்லாம் பன்னெடுங்காலம் முன்பே, டமாஸ்கஸில் பிறந்த அறிஞர் தகிய்யுத்தீன் 1551-இல் எழுதிய நூலில், ஆவியின் வேகத்தால் சுழலும் இறைச்சி வாட்டும் கம்பியை விவரித்திருக்கிறார். ஆவியைப் பணியாளாக்கும் எண்ணம் நம் முன்னோருக்கும் அந்நியமானதன்று!

மாமா தம் வாழ்நாளிலேயே அந்த என்ஜினை என் மூத்த மகனுக்கு அன்பளிப்பாக வழங்கிவிட்டார். அத்துடன் ஒரு புட்டி கெட்டி எண்ணெயும், பிரெஞ்சு மொழியில் அச்சான ஒரு சிறு கையேடும் இருந்தன. எங்கள் வீட்டில் எவருக்கும் பிரெஞ்சு தெரியாது. கையேடு அலமாரியின் அடியில் போயிற்று. மாமா மறைந்த பின் மூன்றாண்டுகள் என்ஜினும் அங்கேயே கிடந்தது.

சென்ற நோன்புப் பெருநாள் மாலை உறவினர் கூடியிருந்தனர். 'மாமாவின் இரயிலை ஓட்டுங்களேன்' என்றனர். பி.ஏ. வரலாறு படித்த எனக்குப் பொறியியல் தெரியாது. தெரியாது என்று சொல்லும் துணிவும் அன்று வரவில்லை. சக்கரங்கள் இறுகியிருந்தன. சமையலறையிலிருந்து தேங்காயெண்ணெய் எடுத்து ஊற்றினேன். கொதிகலனில் குழாய்த் தண்ணீரை நிரப்பி விளக்கை ஏற்றினேன். தட்டுத் தடுமாறி நான்கைந்து சுற்றுகள் ஓடி நின்றது. குழந்தைகள் 'இன்னும், இன்னும்' என்று கூவினர். நீர் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. சூடாறாத விளக்கிலேயே மீண்டும் ஸ்பிரிட் வார்த்தேன். அணைந்துவிட்டதாக நான் எண்ணிய தீ அணையவில்லை! ஸ்பிரிட்டின் சுடர் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. அது குப்பென்று மேலெழுந்து, குனிந்து பார்த்துக்கொண்டிருந்த என் இளைய மகளின் துப்பட்டாவைப் பற்றியது. மூத்தவன் கை கழுவும் இடத்திலிருந்த ஈரத் துவாலையை எடுத்து அழுத்தி அணைத்தான். நொடிப்பொழுதில் எல்லாம் முடிந்தது. கீழே, நீர் வற்றிய கொதிகலனின் பற்று உருகி, பித்தளை மூடி ஒருபுறம் சாய்ந்து கிடந்தது.

அன்றிரவு என்ஜினை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை நானே வைத்துக்கொண்டேன். 'இனி யாரும் தொடக் கூடாது' என்றேன். மகன் ஒன்றும் பேசவில்லை. தவறு செய்தவன் நான், தண்டனை அவனுக்கு!

மூன்று மாதங்கள் கழிந்தன. எங்கள் பள்ளிவாசலில் தொழவரும் பெரியவர் ஒருவர், மூடப்பட்டுவிட்ட பஞ்சாலை ஒன்றில் பல்லாண்டு கொதிகலன் கவனித்தவர். செய்தியறிந்து வீட்டுக்கு வந்தார். என்ஜினைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ஹஜ்ரத், பாய்லர் சிறிதானாலும் பெரிதானாலும் சட்டம் ஒன்றுதான். தண்ணீர் முடிவதற்கு முன் தீ முடிய வேண்டும். தீ முடிவதற்கு முன் தண்ணீர் முடிந்தால், பாய்லரும் போகும். பக்கத்தில் நிற்பவனும் போவான்."

காரணத்தையும் விளக்கினார். பொம்மைக் கொதிகலனின் பழைய பற்றுகள் ஈயமும் வெள்ளீயமும் கலந்தவை. சுமார் 180 முதல் 230 பாகை செல்சியஸில் அவை உருகிவிடும். வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் ஒரு பார் அழுத்தமிருக்கும்போது உள்ளே உள்ள நீர் 120 பாகையில் கொதிக்கும். நீர் இருக்கும்வரை சூட்டையெல்லாம் அதுவே வாங்கிக்கொள்ளும்; பற்று உருகாது. நீர் வற்றியதும் சுடரின் சூடு முழுவதும் உலோகத்தில் ஏறுகிறது. ஆகவேதான் நல்ல என்ஜின்களில் விளக்கைச் சிறிதாகவும் கொதிகலனைப் பெரிதாகவும் அமைக்கின்றனர். ஒருமுறை நிரப்பிய எரிபொருள் தீரும்போது, நீரில் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். நான் இரண்டாம் முறை ஸ்பிரிட் வார்த்து, அந்தக் காவலை உடைத்துவிட்டேன்!

பெரிய நீராவி என்ஜின்களிலும் இதே கவனம் உண்டு. தீப்பெட்டியின் கூரையில் நடுவே ஈயம் நிரப்பிய ஒரு திருகு இருக்கும். நீர்மட்டம் அபாயமாகக் குறைந்தால் ஈயம் உருகி, ஆவி தீயின்மேல் பாய்ந்து ஓட்டுநரை எச்சரிக்கும்.

அரசாங்கமும் கொதிகலனை விளையாட்டாக எண்ணுவதில்லை. 1923-இன் கொதிகலன் சட்டமும், அதன் இடத்தில் 2025-இல் வந்த புதிய சட்டமும் ஆய்வையும் சான்றிதழையும் கட்டாயமாக்குகின்றன. ஆனால் 25 லிட்டருக்கு உட்பட்ட சிறு கலன்கள் அவற்றின் வரம்பில் இல்லை. "உங்கள் என்ஜினைச் சோதிக்க எந்த ஆய்வாளரும் வரமாட்டார். அந்த வேலை வீட்டுக்காரருடையது" என்றார் பெரியவர். என்னை நாணச் செய்த வாக்கியம் அது.

அவரே மூடியை மீண்டும் பற்றவைத்தார். பின்னர் குளிர்ந்த நீரைக் கைப்பம்பால் செலுத்தி, வழக்கமான அழுத்தத்தைப்போல் இரு மடங்கு ஏற்றிக் கசிவு பார்த்தார். ஆவியை விட்டுச் சோதிக்காமல் நீரைச் செலுத்துவானேன் என்று மகன் கேட்டான். நீர் அழுந்திச் சுருங்குவதில்லை. கலன் விரிந்தாலும் சொட்டும், வெடிக்காது என்று விடை கிடைத்தது.

இதற்கிடையில் மாமி அவர்கள் வீட்டுக்கு வந்தார்கள். பல்லாண்டு பிரான்சில் மாமாவோடு வாழ்ந்தவர்கள். கையேட்டை எடுத்துக் கண்ணாடியை அணிந்துகொண்டு, தமிழில் சொல்லிக்கொண்டே படித்தார்கள். 'விளக்கை ஒருமுறை மட்டுமே நிரப்புக. மீண்டும் நிரப்புமுன் ஆறவிடுக. முதலில் நீரைக் கவனிக்க' என்று மூன்றாம் பக்கத்திலேயே இருந்தது! கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். அறிவு நம் வீட்டுப் பெரியவர்களிடம், அதிலும் பெண்களிடம் இருக்க, கேட்க நினையாமல் தடுமாறுகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்?

இத்தகைய என்ஜின் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அயல்நாட்டிலிருந்து யாரேனும் கொண்டு வரலாம். ஆகவே நாங்கள் கற்றவற்றைத் தருகிறேன்.

நீர்: எங்கள் கடற்கரை ஊரின் நிலத்தடி நீரில் உப்பு மிகுதி. கொதித்தால் உட்சுவரில் காறை படியும். வடகிழக்குப் பருவமழையில் முதல் மழையை விட்டுவிட்டு, அடுத்து வரும் நீரை வெள்ளைத் துணியில் வடித்துப் புட்டிகளில் சேமிக்கிறோம். காய்ச்சி வடித்த நீரும் ஏற்றது.

எண்ணெய்: உருளைக்குள் செல்லும் ஆவியுடன் கலக்கக் கெட்டியான நீராவி எண்ணெயே வேண்டும். அதற்கென்று ஒரு சிறு கிண்ணம் உண்டு. அதனுள் வரும் ஆவி நீராகிக் கீழே இறங்க, மேலே மிதக்கும் எண்ணெய் சிறிது சிறிதாக உருளைக்குச் செல்லும். அச்சுகளுக்கும் இணைப்புத் தண்டுகளுக்கும் தையல் இயந்திர எண்ணெய் ஒரு துளி போதும். தேங்காயெண்ணெய் நாளடைவில் பிசினாகிவிடும்.

பாதுகாப்பு வால்வு: ஒவ்வொரு முறையும் தீ மூட்டுமுன் மெல்ல இழுத்து, தடையின்றி அசைகிறதா என்று பார்க்க வேண்டும். 'ஆவி வீணாகிறது' என்று ஒருபோதும் இறுக்கக் கூடாது. அழுத்தம் இருக்கும்போது நீர் மூடியைத் திறக்கவும் கூடாது.

இடம்: காற்றில்லாத, வெறும் கல் தரை. ஈரத் துவாலையும் ஒரு வாளி மணலும் அருகில் இருக்க வேண்டும். துப்பட்டாவும் தொங்கும் ஜிப்பாக் கைகளும் எட்டி நிற்கட்டும். பெரியவர் ஒருவர் இல்லாமல் தீக்குச்சி உரசக் கூடாது.

ஓய்வு: ஓடி முடிந்து, அழுத்தம் தணிந்து, இளஞ்சூடு இருக்கும்போதே மீதி நீரைக் கொட்டி, மூடியைத் திறந்தே வைக்க வேண்டும். எண்ணெய்க் கிண்ணத்தில் சேர்ந்த நீரையும் வடித்துவிட வேண்டும். எஃகுப் பாகங்களில் எண்ணெய்த் துணியால் ஒரு மெல்லிய பூச்சு. உப்புக் காற்று வீசும் ஊரில் இதைத் தவறவிட்டால் ஒரே மழைக்காலத்தில் துரு ஏறிவிடும்.

ஓட்டுவது பத்து நிமிடம். பராமரிப்பது அரைமணி நேரம். இந்தக் கணக்கை ஏற்காதவர் என்ஜின் வாங்காமலிருப்பதே நல்லது.

பராமரித்தால் எவ்வளவு காலம் ஓடும் என்பதற்கு நம் தமிழகத்திலேயே சான்றுண்டு. 1855-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கட்டப்பட்டது 'ஈ.ஐ.ஆர். 21' என்ஜின். சென்னைப் பெரம்பூர்ப் பணிமனைத் தொழிலாளர் அதனைச் சீரமைத்து, 2010-இல் மீண்டும் தண்டவாளத்தில் ஓட்டிக் காட்டினர். நீலகிரி மலைப்பாதையின் பல்சக்கர என்ஜின்களில் மூத்தவை சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரிலிருந்து வந்தவை. அவற்றைப் பேணிய அறிவால், திருச்சிப் பொன்மலைப் பணிமனையினர் அதே வகையில் புதியனவற்றையும் கட்டினர்.

பேணாமல் விட்டதற்கும் சான்றுண்டு. டமாஸ்கஸ் முதல் மதீனா வரை 1900-இல் தொடங்கி 1908-இல் முடிந்தது ஹிஜாஸ் இரயில் பாதை. நம் நாட்டு முஸ்லிம்களும் நன்கொடை அனுப்பிய பாதை அது. முதல் உலகப் போர்க்காலத் தாக்குதல்களில் சிதைந்தபின், அதன் என்ஜின்கள் பாலைமணலில் பல்லாண்டு துருப்பிடித்துக் கிடந்தன. மதீனாவின் பழைய நிலையம் இன்று அருங்காட்சியகம். அங்கே நிற்கும் என்ஜினைக் காண்போர், இதுவும் ஒரு காலத்தில் ஆவி கக்கி ஓடியதே என்று எண்ணாமல் திரும்புவதில்லை.

பிள்ளைகளுக்கு விலையுயர்ந்த பொருளை வாங்கித் தருவது எளிது. அதனைக் கையாளும் முறையைக் கற்றுத் தர நமக்கு நேரமில்லை. விபத்து நேர்ந்ததும் பிடுங்கிப் பூட்டிவிடுகிறோம். பூட்டு பாதுகாப்பன்று, கற்பித்தலே பாதுகாப்பு. கையில் வந்த பொருள் அமானிதம் என்று மேடையில் பேசும் நான், அதனை ஒரு சாண் பித்தளையிடம் கற்றேன்.

இப்போது சாவி மகனிடம் இருக்கிறது. எத்தனை அளவு நீர், எத்தனை அளவு ஸ்பிரிட் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைக்கிறான். சென்ற வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் மாமியை அழைத்து நாற்காலியில் அமர்த்தி, என்ஜினை ஓட்டினான். சுற்றி வந்து அது தானாக நின்றபோது, கொதிகலனைத் திறந்து காட்டினான். அடியில் ஒரு விரற்கடை நீர் மீதமிருந்தது. மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உன் நன்னாவும் இப்படித்தான் திறந்து காட்டுவார்" என்றார்கள்.

நம் பொறுப்பில் வந்த பொருள்களையும் பிள்ளைகளையும் முறையறிந்து பேணும் நற்பேற்றை வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.