"பீப்... பீப்..." கத்தும் புது அடுப்பு! பணம் திரும்பக் கிடைக்குமா?

சென்னை—

கேஸ் தீர்ந்த நேரத்தில் கைகொடுக்கும் என்று ஆசையாய் வாங்கிய இண்டக்‌ஷன் அடுப்பு, பல வீடுகளில் பரணில் ஏறி உட்கார்ந்து விடுகிறது. பட்டனைத் தொட்டால் "பீப்... பீப்..." என்று கத்துகிறது. புரியாத எழுத்து ஒன்று மின்னுகிறது. பாத்திரம் மட்டும் சூடாகவில்லை!

கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், "மிஷின் நல்லாத்தான் இருக்கு. உங்களுக்குத்தான் யூஸ் பண்ணத் தெரியல" என்று கைவிரிக்கிறார்கள்.

இங்கே சட்டம் யார் பக்கம்? வாங்கும்போது கடையில் என்ன சொன்னார்கள் என்பதைப் பொறுத்தே இதற்குப் பதில்.

கோளாறு வேறு, சிரமம் வேறு

1986-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது. பொருளின் தரத்தில் குறை இருந்தால் அது பழுது என்கிறது இந்தச் சட்டம். "பட்டன் சின்னதா இருக்கு", "சத்தம் ஜாஸ்தி", "எனக்குப் பழகல" என்று போனால் கேஸ் நிற்காது.

ஆனால் அதே சட்டத்தில் இன்னொரு பிடி இருக்கிறது. வியாபாரி எந்த விதத்திலாவது உறுதி சொல்லி விற்ற தரம் பொருளில் இல்லையென்றால் அதுவும் பழுதுதான்! பொருளின் பயனைப் பற்றித் தவறான தகவல் சொல்லி விற்பது நேர்மையற்ற வணிகம். எழுத்தில் கொடுத்தாலும் சரி, வாயால் சொன்னாலும் சரி, இரண்டும் கணக்கில் வரும்.

பாத்திரத்தில் இருக்கு சூட்சுமம்

இண்டக்‌ஷன் அடுப்பில் தீ கிடையாது. கண்ணாடித் தகட்டுக்கு அடியில் உள்ள செம்புக் கம்பிச் சுருள் காந்தப் புலத்தை உண்டாக்க, பாத்திரத்தின் அடிப்பாகமே சூடேறுகிறது. அதற்குத் தட்டையான அடி வேண்டும். அதில் காந்தம் ஒட்ட வேண்டும். சாதாரண அலுமினியக் குண்டானும் பித்தளைப் பானையும் மண்சட்டியும் இதில் வேகாது. பிரிட்ஜ் கதவில் ஒட்டும் காந்தத்தைப் பாத்திரத்தின் அடியில் வைத்துப் பார்த்தால் விஷயம் தெரிந்து விடும்.

இதைச் சொல்லி விற்றிருந்தால் கடைக்காரர் மேல் தப்பில்லை. "எல்லாப் பாத்திரமும் வைக்கலாம், அக்கா" என்று சொல்லி விற்றிருந்தால் கதையே வேறு. அடுப்புக்கு ஒரு செலவு, புதுக் குக்கர், புதுப் பாத்திரத்துக்கு இன்னொரு செலவு என்று மாதச் சம்பளக்காரர் தலையில் விழுகிறது சுமை.

மிக்சியிலும் இதே கூத்து உண்டு. மாவு அரைக்கும்போது சட்டென்று நின்றால் "போச்சு" என்று பதறுகிறார்கள். பல மிக்சிகளில் அடியில் சிவப்புப் பட்டன் ஒன்று இருக்கும். பாரம் அதிகமானால் மோட்டார் எரியாமல் காப்பது அதுதான். கொஞ்சம் ஆறவிட்டு அமுக்கினால் மறுபடி ஓடும். அமுக்கியும் ஓடாவிட்டால், அடிக்கடி நின்றால், அப்போது கடைக்காரரைக் கேட்கலாம்.

"திரும்ப எடுக்க மாட்டோம்"

பில்லில் "விற்ற சரக்கு திரும்ப எடுக்கப்பட மாட்டாது" என்று ரப்பர் ஸ்டாம்ப் குத்தி விட்டால் கதை முடிந்ததா? இல்லை! பழுதான பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதே நேர்மையற்ற வணிகம் என்கிறது சட்டம். பில்லில் கெடு போட்டிருந்தால் அந்தக் கெடு. போடாவிட்டால் 30 நாள். பில் தராமல் இருப்பதும் குற்றப் பட்டியலில் உண்டு.

ஆன்லைனில் வாங்கியவர்களுக்கும் வழி இருக்கிறது. படத்திலும் விளக்கத்திலும் சொன்னபடி பொருள் இல்லையென்றால், விற்பவர் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்கின்றன 2020-ம் ஆண்டு விதிகள்.

எங்கே போவது?

முதலில் கடைக்கும் கம்பெனிக்கும் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். கம்பெனியின் புகார் முகவரியும் போன் நம்பரும் அட்டைப் பெட்டியிலேயே அச்சாகியிருக்க வேண்டும் என்பது விதி. அடுத்தது 1915 என்ற தேசிய உதவி எண். தமிழிலும் பேசலாம். அவர்கள் கம்பெனியிடம் பேசித் தீர்க்கப் பார்ப்பார்கள். உத்தரவு போடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை.

அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கம்பெனி டெல்லியில் இருந்தாலும், வாங்கியவர் குடியிருக்கும் ஊரிலோ வேலை பார்க்கும் ஊரிலோ வழக்குப் போடலாம். 5 லட்ச ரூபாய் வரை வாங்கிய பொருளுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. 2 வருடத்துக்குள் போட வேண்டும்.

3 மாதத்தில், பரிசோதனை தேவைப்பட்டால் 5 மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் அதைத் தாண்டி இழுப்பதும் உண்டு. பரிசோதனைச் செலவை முதலில் கட்டச் சொல்லலாம். மூவாயிரம் ரூபாய் அடுப்புக்காக லீவு போட்டு அலைவதா என்று பலர் விட்டு விடுவது இதனால்தான்.

ஒரே ஒரு வரி

வாய்ப் பேச்சும் செல்லும் என்றாலும், அதை நிரூபிப்பதுதான் தலைவலி. ஆகவே வாங்கும் இடத்திலேயே ஓட்டிக் காட்டச் சொல்வது நல்லது. "எல்லாப் பாத்திரமும் வைக்கலாம்" என்றால், "அதைப் பில்லில் எழுதிக் கொடுங்க தம்பி" என்று கேட்க வேண்டும். சொன்னது நிஜமென்றால் எழுதிக் கொடுப்பார். தயங்கினால் அங்கேயே விஷயம் புரிந்து விடும்!

கடைக்காரர்களுக்கும் இதில் லாபம்தான். விற்பனைப் பையன் வாய்க்கு வந்ததைச் சொன்னால், ஆணையத்தில் பதில் சொல்லப் போவது முதலாளி.