கடைப்பந்தி ஒளி

மேல் இலை உண்டு மிச்சம் விட்ட வெளிச்சம்தான் கீழ் இலைக்கு. நன்றாகத் தழைத்து நிற்கும் நெல்வயலில் குனிந்து பார்த்தால் தெரியும். உச்சி இலை நீலத்தையும் சிவப்பையும் வயிறு முட்ட உண்கிறது. அடி இலைக்கு வந்து சேர்வதில் பெரும்பங்கு, நம் கண்ணுக்கே அரைகுறையாகத் தெரிகிற சிவப்பின் கோடி ஒளி. கடைச்சிவப்பு என்போம். அது பக்கத்தில் வந்தும் இலைக்கு உண்ணத் தெரியவில்லை!

முதற்பந்தி, கடைப்பந்தி செடியிலுமா என்று கேட்கிறீர்களா, தோழர்களே? செடிக்குச் சூது தெரியாது. பச்சையத்தின் அமைப்பு அப்படி. 400 முதல் 700 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள ஒளியே அதற்கு உணவு. அதற்கு அப்பால் ஒளியில் வலு குறைவு, தண்ணீரைப் பிளக்கப் போதாது என்றார்கள். 'சிவப்பு எல்லை' என்று பெயரும் வைத்தார்கள்.

எல்லையை யார் போட்டது?

1943-ல் அமெரிக்காவில் மானிங், ஸ்ட்ரெயின் என்ற இருவர் செங்கடற்பாசியிலிருந்து புதுவகைப் பச்சையம் ஒன்றைப் பிரித்தெடுத்தார்கள். 'டி' என்று பெயர். கடைச்சிவப்பையும் பிடிக்கும் பச்சையம் அது. பாராட்டினார்களா? சோதனைச்சாலையில் நேர்ந்த பிழையாக இருக்கும் என்று பலர் ஒதுக்கினார்கள். 53 ஆண்டுகள் ஓடின. 1996-ல் சப்பானிய ஆராய்ச்சியாளர்கள், பலாவுத் தீவுக் கடலில் கிடைத்த ஒரு நுண்ணுயிரில் அதே 'டி'யைக் கண்டார்கள். துணைக்கு அல்ல, அதுவே அதற்கு முதன்மைப் பச்சையம்! 2004-ல் இன்னொரு குட்டும் வெளிப்பட்டது. அந்தச் சரக்கு செங்கடற்பாசியுடையதே அல்ல. பாசியின் மேல் ஒட்டி வாழ்ந்த நுண்ணுயிருடையது. உழைத்தவன் ஒருவன், கணக்கில் பெயர் இன்னொருவனுக்கு. இந்தக் கதை நமக்குப் புதிதா என்ன?

2010-ல் மின் சென் என்ற பெண் விஞ்ஞானியின் குழு, ஆஸ்திரேலியாவின் ஷார்க் விரிகுடாப் பாறைப்படிவங்களில் 'எஃப்' என்ற பச்சையத்தைக் கண்டறிந்தது. 2018-ல் லண்டன் இம்பீரியல் கல்லூரி விஞ்ஞானிகள் இன்னும் ஒரு படி ஏறினார்கள். ஒரு நுண்ணுயிரை 750 நானோமீட்டர் ஒளியில் வளர்த்து, 'எஃப்' வெறும் ஒளி திரட்டும் கூலியாள் அல்ல, தண்ணீரைப் பிளக்கும் எந்திரத்திலேயே அதற்கு இடமுண்டு என்று காட்டினார்கள். எல்லை எங்கே போயிற்று?

700-லிருந்து 750 வரையுள்ள ஒளியும் பயிருக்குக் கிட்டினால், உண்ணக்கூடிய ஒளித்துகள்கள் சுமார் 19 விழுக்காடு கூடும் என்று 2011-ல் சென்னும் பிளாங்கன்ஷிப்பும் கணக்கிட்டார்கள். ஒளித்துகள் அத்தனை கூடும் என்பதுதான் கணக்கு; நெல் அத்தனை மூட்டை கூடும் என்பதல்ல. மேடையில் பேசுவோர் இதை மறக்கக் கூடாது, நாமும் சேர்த்துத்தான். கொளுத்தும் வெயிலில் நிற்கும் உச்சி இலைக்குப் பழைய பச்சையமே போதும். புதியது வேண்டியது நிழலில் கிடக்கும் அடி இலைக்கு. 'எஃப்'பை உண்டாக்கும் மரபணுவை 2016-ல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தார் வேறொரு நுண்ணுயிருக்கு மாற்றிக் காட்டினார்கள். ஆனால் சாயம் மட்டும் போதாது. அதைத் தாங்கும் புரதங்களும் வேண்டும். அந்த நுண்ணுயிர்களில் இவ்வேலைக்கென்றே சுமார் 20 மரபணுக்கள் கொத்தாக இருக்கின்றன. இன்று எந்த உழவன் வயலிலும் அப்படிப்பட்ட நெல் இல்லை.

இல்லாத நெல்லுக்கு இப்போதே என்ன வழக்கு என்பீர்கள். இப்போதுதான் வழக்கு! ஏழையின் பசியைக் காட்டிப் பொதுப்பணம் கேட்பார்கள். விதை வந்ததும் காப்புரிமைப் பூட்டுத் தொங்கும். 2001-ல் இந்தியா இயற்றிய பயிர் இரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு, விளைச்சலில் விதை எடுத்து வைக்கவும், மீண்டும் விதைக்கவும், பக்கத்து உழவனோடு மாற்றிக் கொள்ளவும் உரிமை தருகிறது. அந்த உரிமை இந்த நெல்லுக்கும் உண்டு என்று எழுதிக் கையெழுத்திட்ட பிறகே அரசு ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கட்டும். தாராளமாகவே ஒதுக்கட்டும். கையெழுத்துக்கு முன் ஒரு காசும் கூடாது என்கிறோம் நாம்.