மூட்டையின் எடையைப் பாதியாக்குங்கள்

என் அப்பா கும்பகோணத்தில் அரிசி மூட்டை சுமந்தவர். 75 கிலோ சிப்பம். லாரியிலிருந்து பிடரியில் வாங்கி, பலகை மேல் ஏறி, குடோனுக்குள் இடுப்பை ஒரு திருப்புத் திருப்பி அட்டியில் போடுவார். 46 வயதில் ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்தவரின் வலது காலில் செருப்பு இல்லை. வழியிலேயே கழன்றிருக்கிறது, அவருக்குத் தெரியவில்லை. ஏன் தெரியவில்லை என்பது பிசியோதெரபி படித்தபோதுதான் எனக்கு விளங்கியது.

பிறக்கும்போது நம் முதுகில் முள்ளெலும்புகள் 33. வளர வளர அடியில் உள்ள ஐந்து ஒட்டித் திருவெலும்பாகவும், கடைசி நான்கு ஒட்டி வாலெலும்பாகவும் ஆகிவிடும். கழுத்தில் 7, நாலைந்து கிலோ தலையைத் தாங்கித் திருப்பும் சிறிய எலும்புகள். மார்பில் 12. அவற்றை விலா எலும்புகள் இழுத்துக் கட்டியிருப்பதால் அங்கே எலும்புகளுக்கு இடையே உள்ள ஜவ்வு விலகுவது அரிது. இடுப்பில் உள்ள ஐந்துக்கு அந்தக் கட்டு கிடையாது. மேலிருந்து வரும் பாரம் மொத்தமும் அவற்றின் மேல்தான் இறங்குகிறது. குனிந்து நிமிர்வதும் பெரும்பாலும் அவற்றால்தான். அதனால்தான் அவை பருமனாக இருக்கின்றன. அப்படியிருந்தும் என்னிடம் வரும் லோடுமேன்களில் பெரும்பாலோருக்குக் கோளாறு கீழே உள்ள இரண்டு ஜவ்வுகளில்தான்.

ஜவ்வின் நடுவே கூழ், சுற்றிலும் நார் வளையங்கள். குனியும்போது முன்பக்கம் நசுங்கி, கூழ் பின்னால் தள்ளும். அந்த நிலையிலேயே பாரத்தோடு திரும்பினால் நார் கிழியும். பின்னால் காத்திருப்பது நரம்பு. பாதத்தைத் தூக்குவதற்கும் புறங்காலின் உணர்ச்சிக்கும் முக்கியமான ஐந்தாவது இடுப்பு நரம்புதான் அப்பாவுக்கு நசுங்கியது. ஜவ்வின் உட்பகுதிக்கு ரத்தக் குழாய் கிடையாது; கிழிந்தால் ஆறுவது மிக மெதுவாக.

"முழங்காலை மடக்கித் தூக்குங்கள்" என்று நானும் சொல்லிக் கொடுக்கிறேன். லாரியிலிருந்து பிடரியில் வந்து விழும் மூட்டைக்கு அந்தப் பாடம் உதவாது. தூக்குகிறவரைத் திருத்துவதை விட்டு மூட்டையைத் திருத்த வேண்டும். ஓர் ஆண் சுமக்கும் எடை 55 கிலோவைத் தாண்டக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-லேயே பரிந்துரைத்தது. அதுவும் அதிகம் என்பேன். பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் சிமென்ட் 25 கிலோ பையில் வருகிறது. இங்கே 50 கிலோ.

மூட்டைக் கணக்கில் கூலி வாங்குகிறவர்கள் எடையைக் குறைப்பதை எதிர்ப்பார்கள், அது நியாயம். எடை பாதியானால் கூலியும் பாதியாகிவிடுமே என்று அப்பாவும் பயந்திருப்பார். ஆகவே கூலியை டன் கணக்குக்கு மாற்றிவிட்டுத்தான் பையைச் சிறிதாக்க வேண்டும். ஒரே டன்னுக்கு நடை இரட்டிப்பாகும். அதற்கும் சேர்த்தே கூலி பேச வேண்டும். சங்கங்கள் அடுத்த கூலிப் பேச்சுவார்த்தையில் 25 கிலோ பையை முதல் கோரிக்கையாக வைக்கட்டும்.